வானிலிருந்து இறங்கும் காலாட்படை: ஒரு வரலாற்று நோக்கு

1803ஆம் ஆண்டு யூன் மாதத்தின் பிற்பகுதியில் கண்டி நகரிலிருந்து ஒரு பிரித்தானியப் படை திருகோணமலையை நோக்கிப் புறப்பட்டது. நோயினாலும் உணவுப் பற்றாக்குறையினாலும் நலிந்து போயிருந்த அப்படைக்கு மேஜர் டேவி தலைமை தாங்கினார். நகரைக் கண்டியரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறிய அப்படை, சிறிது தூரம் சென்றதும் வட்டபுலுவையில் மகாவலியின் கரையில் நின்றுவிட்டது. ஆறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. பாலமும் இல்லை, படையைக் கடத்தத்தக்க ஓடங்களும் இல்லை. ஆற்றைக் கடக்க இயலாத நிலையில் அவர்கள் ஆயுதங்களைக் கைவிட நேர்ந்தது. பெரும்பாலோர் அங்கேயே கொல்லப்பட்டனர்.

அந்நிகழ்ச்சிக்கு 168 ஆண்டுகளின் பின்னர், 1971 டிசம்பர் 9ஆம் திகதி, மற்றொரு படை வேறொரு பேராற்றின் கரையில் உடைக்கப்பட்ட பாலத்தின் முன் நின்றது. அந்த ஆறு கிழக்கு வங்காளத்தின் மேக்னா. மகாவலியைக் காட்டிலும் அது பன்மடங்கு அகன்றது. ஆயினும் அன்றிரவு விடிவதற்குள் அப்படையின் முன்னணிப் பிரிவுகள் மறுகரையில் நிலைகொண்டுவிட்டன. அவர்களை ஆற்றின் மேலாக ஏற்றிச் சென்றவை ஹெலிகொப்டர்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே வான்வழித் தாக்குதல் காலாட்படை என்னும் படையினத்தின் பிறப்புக்குக் காரணமாகும். ஏனைய தரைப்படைகளிலிருந்து இப்படை எவ்வகையில் வேறுபடுகின்றது, அதன் பலம் யாது, பலவீனம் யாது, அது இறங்கும் மண்ணில் வாழும் மக்களுக்கு அதன் வருகை எத்தகைய பொருளுடையது என்பவற்றை நமக்கு அண்மையிலுள்ள சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையும் படையும்

படைகளின் வரலாறு பெரும்பாலும் பாதைகளின் வரலாறே எனலாம். வீரன் ஒருவன் தன் தோளில் சுமக்கக்கூடிய உணவும் ரவைகளும் சில நாட்களுக்கே போதுமானவை. அதன்பின் அவனைப் பின்தொடர்ந்து வண்டியோ சுமைவிலங்கோ வாகனமோ வந்தாக வேண்டும். எனவே எந்தக் காலாட்படையும் தனக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் பாதையால் கட்டுண்டே இருக்கின்றது. கண்டி இராச்சியத்தின் காவல் அரண்களாக விளங்கியவை கோட்டை மதில்களல்ல. காடும் கணவாயும் ஆறுமே அதன் அரண்கள். இவ்வுண்மையை உணர்ந்த பிரித்தானியர் 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பின்னர், தேசாதிபதி எட்வேட் பான்ஸின் காலத்தில் கடுகண்ணாவைக் கணவாயினூடாகப் பாதை அமைத்தனர். படையின் தேவையை முன்னிட்டு வெட்டப்பட்ட அப்பாதையே பின்னர் கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, பின்னர் நானுஓயாவுக்கும் பட்டிப்பொலவுக்கும் அப்பால் ஊவாவுக்கும் நீண்டு தேயிலைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பாயிற்று. மலையகத் தமிழரின் வரலாறும் இப்பாதைகளோடு பின்னிப் பிணைந்ததே.

இயந்திர யுகம் காலாட்படைக்கு மோட்டார் வாகனத்தையும் கவசவாகனத்தையும் வழங்கியது. அவற்றால் படையின் வேகம் பெருகியதேயன்றிப் பாதையின் மீதான தங்குதல் நீங்கவில்லை. உண்மையில் அது அதிகரித்தது. நடந்து செல்பவனுக்கு ஒற்றையடிப் பாதை போதும். கவசவாகனத்துக்கோ உறுதியான தரையும் பாலமும் எரிபொருள் வண்டிகளும் வேண்டும். பாதையை விட்டு விலகிப் பகைவனின் பின்புறத்தை அடைய வேண்டுமாயின் வானமே வழியென்ற எண்ணம் இவ்விடத்திலேயே தோன்றியது.

வான்குடையும் ஓடுபாதையும்

வானின் வழியே காலாட்படையைக் கொண்டு செல்ல முதலில் கையாளப்பட்டவை மூன்று முறைகள். பரசூட் எனப்படும் வான்குடையின் மூலம் வீரரைக் குதிக்கச் செய்தல் ஒன்று. கிளைடர் எனப்படும் இயந்திரமற்ற வானூர்தியில் ஏற்றி நிலத்தில் இறக்குதல் மற்றொன்று. கைப்பற்றப்பட்ட அல்லது நட்புநாட்டின் விமானத் தளத்தில் பெரிய விமானங்களின் மூலம் இறக்குதல் மூன்றாவது.

1941 மே மாதம் ஜேர்மனியர் கிரேக்கத்தின் கிறீட் தீவை முதலிரு முறைகளாலும் தாக்கினர். முதல் நாளில் அவர்கள் அடைந்த சேதம் பெரிது. மாலெமே விமானத் தளம் அவர்கள் கைக்கு வந்து, மூன்றாவது முறையால் மேலும் படையினர் வந்திறங்கிய பின்னரே போர் அவர்களுக்குச் சாதகமாகத் திரும்பியது. வெற்றி பெற்றும், இழப்பின் கடுமை காரணமாக ஹிட்லர் அத்தகைய பெருந்தாக்குதல்களைப் பின்னர் விரும்பவில்லை. 1944 செப்டெம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் நேச நாட்டு வான்குடைப் படை இறங்கியபோது, இறங்குமிடம் பாலத்திலிருந்து பல மைல் தொலைவில் அமைந்தது. நடந்து சென்று பாலத்தின் வடமுனையை அடைந்தவர்கள் 700 பேருக்குச் சற்று அதிகமானோரே. இங்கிலாந்தில் நிலவிய மூடுபனியால் அடுத்தடுத்த பறப்புகள் தாமதமாயின. தரைவழியாக வரவேண்டிய படையும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. பாலத்தில் நின்றவர்கள் தனித்து விடப்பட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் வான்குடைப் படையின் இயல்பைத் தெளிவாக்குகின்றன. அது நெடுந்தூரம் செல்ல வல்லது; பெருந்தொகையினரை ஒரே சமயத்தில் இறக்க வல்லது. ஆனால் இறங்குவோர் காற்றில் சிதறுவர். ஒன்று சேரக் காலம் பிடிக்கும். அவர்களைத் திரும்ப எடுத்துச் செல்லவும் அந்த வானூர்தியால் இயலாது. வான்குடைப் பறப்பு ஒருவழிப் பயணம்.

பேராதனையும் பர்மாவும்

மேற்கூறிய வரலாற்றில் நம் மலைநாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு இடம் மாறியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரநிழலிலிருந்தே பர்மியப் போரின் மேலாணைகள் பிறந்தன.

அவ்வாண்டு மார்ச் 5ஆம் திகதி இரவு, விங்கேட்டின் சிண்டிட் படையினர் கிளைடர்களில் பர்மியக் காட்டினுள் இறங்கியிருந்தனர். முதலில் இறங்கியோர் சிறிய இயந்திரங்களின் துணையுடன் காட்டுவெளியில் ஓடுபாதை அமைத்தனர். அதன் பயனாக ஒரு வார காலத்துள் ஏறக்குறைய 9,000 பேரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் யப்பானியப் படைகளின் பின்புறத்துக்கு வானூர்திகளில் கொண்டுவரப்பட்டனர். பாதையற்ற காட்டில், வானத்தையே பாதையாகக் கொண்டு ஒரு பெரும்படை நிலைபெற முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

தலைமையகம் கண்டிக்கு வந்த அதே ஏப்ரல் மாதத்தின் இறுதியில் பர்மியக் காட்டில் இன்னொரு நிகழ்ச்சி நடைபெற்றது. காட்டில் விழுந்த சிறிய விமானமொன்றின் விமானியையும் காயமுற்ற மூன்று பிரித்தானிய வீரரையும் ஓர் அமெரிக்க சிக்கோர்ஸ்கி ஹெலிகொப்டர் மீட்டது. போர்க்களத்தில் ஹெலிகொப்டரால் நிகழ்ந்த முதல் மீட்பு இதுவெனக் கொள்ளப்படுகின்றது. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் அச்சிறு இயந்திரத்தால் ஒரு தடவைக்கு ஒருவரையே தூக்க முடிந்தது. ஒருவரை மட்டுமே ஏற்றிய அந்த இயந்திரத்தின் வாரிசுகளே, இருபத்தோராண்டுகளின் பின்னர் முழுப் படைப்பிரிவொன்றின் கால்களாக மாறின.

ஹெலிகொப்டரும் புதிய படையினமும்

1956 நவம்பர் 6ஆம் திகதி, சுயெஸ் போரின்போது, பிரித்தானியக் கடற்படையின் கப்பல்களிலிருந்து ஏறக்குறைய 400 கொமாண்டோக்கள் ஒன்றரை மணி நேரத்துள் ஹெலிகொப்டர்களின் மூலம் போர்ட் செய்ட் நகரில் இறக்கப்பட்டனர். அதே காலப் பகுதியில் பிரெஞ்சுப் படை அல்ஜீரிய மலைகளில் இம்முறையைப் பெருமளவிற் கையாண்டது. ஆயினும் ஹெலிகொப்டரைப் போக்குவரத்துச் சாதனமாக மட்டும் கருதாது, அதனையே மையமாகக் கொண்டு ஒரு முழு டிவிஷனை அமைக்கும் முயற்சி அமெரிக்காவிலேயே நடைபெற்றது. 1962இல் ஹவுஸ் குழு அதற்கான பரிந்துரைகளை முன்வைத்தது. சோதனைக்கென அமைக்கப்பட்ட 11ஆம் வான்தாக்குதல் டிவிஷனை அடிப்படையாகக் கொண்டு, 1965 யூலையில் 1ஆம் குதிரைப்படை டிவிஷன் நானூறுக்கும் மேற்பட்ட வானூர்திகளுடன் உருவாக்கப்பட்டது. குதிரையை இழந்த பழைய குதிரைப்படைக்கு ஹெலிகொப்டர் புதிய குதிரையாயிற்று.

இப்படையினம் வான்குடைப் படையிலிருந்து மூன்று வகையில் வேறுபட்டது. முதலாவதாக, வீரர் சிதறாமல், பிரிவு பிரிவாக, ஆயுதம் ஏந்தியவாறே இறங்குகின்றனர்; இறங்கிய கணமே போரிடவல்ல நிலையில் உள்ளனர். இரண்டாவதாக, இறக்கிய வானூர்தியே மீண்டும் வருகின்றது. ரவைகளையும் நீரையும் கொணர்ந்து, காயமுற்றோரை ஏற்றிச் செல்கின்றது. மூன்றாவதாக, பணி முடிந்ததும் படை அவ்விடத்தை விட்டு எழுந்து பிறிதோரிடத்தில் இறங்க முடிகின்றது. நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது ஏனைய காலாட்படையின் தொழிலென்றால், நிலத்தை விட்டு எழுந்து செல்லும் சுதந்திரம் இதன் தனியுரிமை.

வியட்நாமின் யா டிராங் பள்ளத்தாக்கில் இதன் முதற் பெருஞ் சோதனை நிகழ்ந்தது. 1965 நவம்பர் 14ஆம் திகதி 450 பேரளவிலான ஒரு பட்டாலியன் 'எக்ஸ்ரே' எனப் பெயரிடப்பட்ட காட்டுவெளியில் இறங்கத் தொடங்கியது. கையிலிருந்தவை 16 ஹெலிகொப்டர்களே. ஆதலால் முழுப் பட்டாலியனும் ஒரே தடவையில் வர இயலவில்லை. பகுதி பகுதியாகவே வந்தது. எல்லோரும் இறங்குவதற்கு முன்னரே வட வியட்நாமியப் படை தாக்கத் தொடங்கிற்று. எனினும் ஹெலிகொப்டர்கள் துப்பாக்கிச் சூட்டினூடே மீண்டும் மீண்டும் வந்து போயின. சில மைல் தொலைவில் முன்கூட்டியே வானூர்தியாற் கொண்டுவரப்பட்டிருந்த பீரங்கிகள் இடைவிடாது முழங்கின. மூன்று நாட்கள் அந்த வெளி வீழவில்லை.

ஆனால் நவம்பர் 17ஆம் திகதி நிகழ்ந்தது வேறு. அதே டிவிஷனின் மற்றொரு பட்டாலியன் 'அல்பனி' எனும் அடுத்த வெளியை நோக்கிக் கால்நடையாகச் சென்றது. நீண்ட வரிசையாகக் காட்டினுள் சென்ற அப்படை வழிமறித்துத் தாக்கப்பட்டு 155 பேரை இழந்தது. ஒரே டிவிஷன், ஒரே வகை ஆயுதம், ஒரே வாரம். ஹெலிகொப்டர் தொடர்பில் இருந்தபோது அது வான்தாக்குதல் படை. நடக்கத் தொடங்கியதும் அது வெறும் காலாட்படை. கவசவாகனமும் கனரகப் பீரங்கியும் உடனில்லாமையால், வழமையான காலாட்படையைவிட மெலிந்த காலாட்படை என்றுகூடக் கூறலாம்.

எனவே வான்தாக்குதல் படையின் பலத்தை அளக்க விரும்பும் வரலாற்று மாணவன் முதற் பறப்பை மட்டும் நோக்குதல் போதாது. இரண்டாம் பறப்பு வந்ததா என்பதே முதன்மையான வினா.

உயரமும் மூடுபனியும்

இரண்டாம் பறப்பு வராமற் போவதற்குப் பகைவன் மட்டுமே காரணமாக வேண்டியதில்லை. இதனை விளங்கிக்கொள்ள மலைநாட்டு வாசகர் தொலைவிற் செல்ல வேண்டியதும் இல்லை. பட்டிப்பொலவை நினைத்தாலே போதும்.

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொலவில், கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. ஹெலிகொப்டரின் சுழலிகள் காற்றைக் கீழே தள்ளியே தம்மை மேலெழுப்புகின்றன. இயந்திரமும் காற்றை உட்கொண்டே வலுப்பெறுகின்றது. காற்று மெலிந்தால் இரண்டும் மெலியும். கட்டுநாயக்காவில் ஒரு ஹெலிகொப்டர் ஏற்றும் ஆட்தொகையை அதே இயந்திரம் பட்டிப்பொலவில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும், இறங்கும்போது அந்தரத்தில் நின்று நிலைகொள்ளும் வலு அதற்குக் குறைந்துவிடும்.

இனி நிலத்தை நோக்குவோம். செங்குத்தான தேயிலைச் சரிவுகளும் மரங்கள் அடர்ந்த முகடுகளும் நிறைந்த இப்பகுதியில் பல ஹெலிகொப்டர்கள் ஒருங்கே இறங்கத்தக்க சமவெளிகள் அரிது. இருப்பவை எவையென்பது பகைவனுக்கும் தெரிந்திருக்கும். தோட்டத்து விளையாட்டு மைதானத்தையும் பட்னா புல்வெளியையும் குறிவைத்து ஓர் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திவிட்டால் போதுமானது. வானிலையோ இன்னும் கடினமானது. பட்டிப்பொலவுக்கும் ஒகியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தின் ஒரு முனையில் மழையும் மறுமுனையில் வெயிலுமாக இருப்பதை ஊவாவுக்குப் புகையிரதத்திற் பயணஞ் செய்வோர் நன்கறிவர். காலையில் தெளிவாக இருந்த முகடு நண்பகலில் மூடுபனியில் மறைந்துவிடும். முதற் பறப்பில் வந்தவர்கள் கீழே நிற்க, இரண்டாம் பறப்பு வெண்மையினுள் இறங்க வழியறியாது திரும்பும் நிலை இத்தகைய இடங்களில் எளிதில் ஏற்படக்கூடியது.

மலையில் ஹெலிகொப்டருக்கு இடமில்லை என்பது இதன் பொருளன்று. 1984 ஏப்ரல் 13ஆம் திகதி இந்தியா சியாச்சின் பனிமலையில் முதலில் கால்பதித்தது ஹெலிகொப்டர்களின் மூலமே. ஆனால் பிலாஃபொண்ட் கணவாயின் உயரத்தில் சிறிய சீட்டா ஹெலிகொப்டர்கள் ஒரு தடவைக்கு ஓரிருவரையே ஏற்ற முடிந்தமையால், 30 பேரளவிலான ஓரணியை இறக்கவே பல பறப்புகள் தேவைப்பட்டன. அங்கு எதிர்த்துச் சுடுவோர் அன்று எவரும் இருக்கவில்லை. இருந்திருப்பின் அவ்வாறு ஓரிருவராக இறங்குதல் எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

மேக்னா, 1971

மலையை விடுத்துச் சமவெளிக்கு வருவோம். வங்காளதேச விடுதலைப் போரில் வான்வழிப் படையின் இருவகைகளும் ஒரே வாரத்தில் கையாளப்பட்டமையால், ஒப்பீட்டுக்கு அதனைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இந்திய இராணுவத்தின் 4ஆம் படையணிக்கு லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங் தலைமை தாங்கினார். டிசம்பர் 7ஆம் திகதி அவர் 4/5 கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாலியனை எம்.ஐ.-4 ஹெலிகொப்டர்களின் மூலம் சில்ஹெட் நகரின் அருகே இறக்கினார். கடுமையான எதிர்ப்பினிடையே அப்பட்டாலியன் நகரம் சரணடையும்வரை தாக்குப் பிடித்தது. அதன் பின்னர், மேக்னாவின் மீதான ஆசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தானியப் படை தகர்த்தபோது, அவர் இம்முறையைப் பேரளவில் கையாளத் துணிந்தார். டிசம்பர் 9ஆம் திகதி முதலாக ஹெலிகொப்டர்கள் 4ஆம் கார்ட்ஸ் பட்டாலியனையும், தொடர்ந்து 311ஆம் மலைப் பிரிகேட்டையும் மறுகரையிலுள்ள ராய்ப்புராவுக்கும் பின்னர் நர்சிங்திக்கும் ஏற்றிச் சென்றன. வழமையான அளவுக்கு மேற்பட்ட ஆட்களை ஏற்றியவாறு இரவு பகலாக நூற்றுக்கு மேற்பட்ட பறப்புகள் நிகழ்ந்தன. இரவில் இறங்குமிடத்தைக் காட்டியவை கைவிளக்குகளே. பாலத்தின் மறுமுனையில் பைரப் பஜாரில் காத்திருந்த பாகிஸ்தானியப் படை போரிடாமலே பின்தள்ளப்பட்டுப் பயனற்றதாயிற்று.

இங்கு இரண்டாம் பறப்பு வந்தது. மூன்றாவதும் நூறாவதும் வந்தன. ஆனால் வெற்றியின் காரணம் வானூர்தி மட்டுமல்ல. இறங்கிய படையிடம் வண்டிகள் இல்லை. அக்குறையை நிறைவு செய்தவர்கள் முக்தி வாகினியினரும் உள்ளூர் மக்களுமே. படகுகளும் ரிக்ஷாக்களும் தோள்களும் ரவைப்பெட்டிகளைச் சுமந்தன. மேலும் படையினர் நாட்டுப் படகுகளில் ஆற்றைக் கடந்தனர். இறங்கிய மண்ணில் வாழ்ந்தோர் இறங்கியோரைத் தம்மவராக ஏற்றனர் என்பதே இதன் பொருள்.

டிசம்பர் 11ஆம் திகதி 2ஆம் பரா பட்டாலியன் அணி தங்கைல் பகுதியில் வான்குடைகளின் மூலம் குதித்து, பூங்லி பாலத்தைக் கைப்பற்றியது. வீரர் சிலரும் தளபாடங்கள் சிலவும் இலக்குக்கு அப்பாற் சிதறி வீழ்ந்தபோதிலும், அன்று மாலையே வடக்கிலிருந்து தரைவழியாக வந்த மராத்தா பட்டாலியன் அவர்களைச் சென்றடைந்தது. வான்குடைப் படைக்கு உயிர் தருவது தரைவழி இணைப்பு. வான்தாக்குதல் படைக்கு உயிர் தருவது தொடர்ந்து வரும் வானூர்தி. இவ்விரண்டு நடவடிக்கைகளும் அந்த வேறுபாட்டை அருகருகே நிறுத்திக் காட்டுகின்றன. டிசம்பர் 16ஆம் திகதி டாக்கா வீழ்ந்தது.

யாழ்ப்பாணம், 1987

மேக்னாவுக்குப் பதினாறு ஆண்டுகளின் பின்னர் அதே இந்திய இராணுவம் அதே முறையை நம் நாட்டிற் கையாண்டது. 1987 யூலையில் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்த அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே அக்டோபரில் போர் மூண்டது. அக்டோபர் 11ஆம் திகதி நள்ளிரவையொட்டி, புலிகளின் தலைமையை ஒரே வீச்சில் பிடிக்கும் நோக்குடன், பலாலியிலிருந்து எம்.ஐ.-8 ஹெலிகொப்டர்கள் புறப்பட்டன. இறங்குமிடமாகத் தெரிவு செய்யப்பட்டது திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மைதானம்.

முதலில் 10ஆம் பரா கொமாண்டோப் பிரிவைச் சேர்ந்த நூறு பேரளவிலானோரும், அவர்களைத் தொடர்ந்து 13ஆம் சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரும் இறங்கினர். சீக்கியப் படையினர் மைதானத்தைக் காத்து நிற்க, மேலும் படையினர் வருவது திட்டம். ஆனால் மைதானத்தைச் சூழ்ந்த கட்டடங்களிலிருந்து கடுமையான சூடு எழுந்தது. ஹெலிகொப்டர்கள் சேதமுற்றன; எஞ்சிய பறப்புகள் நிறுத்தப்பட்டன. மைதானத்தில் நின்ற 30 பேரும் தனித்து விடப்பட்டனர். கையிலிருந்த ரவைகள் தீரும்வரை போரிட்ட அவர்களில் 29 பேர் மடிந்தனர், ஒருவர் சிறைப்பட்டார். கொக்குவில் பக்கமாக நகர்ந்த கொமாண்டோக்கள் வீடுகளினுள் முற்றுகையிடப்பட்டு, புகையிரதப் பாதை வழியாக வந்த தாங்கிகளின் துணையுடனேயே வெளியேற முடிந்தது. அவர்களிலும் சிலர் மாண்டனர்.

பலாலிக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலுள்ள தூரம் ஹெலிகொப்டருக்குச் சில நிமிடங்களே. மேக்னாவைப் போல் அகன்ற ஆறு இடையில் இல்லை. பட்டிப்பொலவைப் போல் உயரமோ மூடுபனியோ இல்லை. இருந்தும் அச்சில நிமிடத் தூரம் கடக்க முடியாததாயிற்று. இறங்குமிடம் ஒன்றே ஒன்று. அது வீடுகளும் கட்டடங்களும் சூழ்ந்த நடுவிலுள்ள வெட்டவெளி. பகைவன் விழிப்புடன் காத்திருந்தான். மேக்னாக் கரையில் ரவைப்பெட்டிகளைச் சுமந்து வந்த மக்கள் இங்கு இல்லை.

ஆனால் இங்கும் மக்கள் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அந்த இரவிலும் அடுத்த நாளிலும் போர் நிகழ்ந்தது கொக்குவிலின் ஒழுங்கைகளில். வேலிகளுக்கும் கிணற்றடிகளுக்கும் இடையில். பிரம்படிப் பகுதியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். இராணுவ நூல்கள் இந்நடவடிக்கையைத் தவறிய திட்டமாக மட்டுமே விவரிக்கின்றன. சீக்கிய வீரரின் மனவுறுதியை அவை போற்றுவது நியாயமே. ஆயினும் அதே மணிநேரங்களில் தம் வீட்டினுள் உயிரிழந்தோருக்கு அந்நூல்களில் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

ஓடுபாதையைத் தேடிய இரு படைகள்

யாழ்ப்பாணத்துக்கு அடுத்த ஆண்டு, 1988 நவம்பர் 3ஆம் திகதி இரவு, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவொன்றின் துணையுடன் மாலைதீவில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க இந்திய வான்குடைப் படையினர் ஆக்ராவிலிருந்து பறந்தனர். அவர்கள் குதிக்கவுமில்லை, ஹெலிகொப்டரில் வரவுமில்லை. ஹுல்ஹுலே விமானத் தளம் கிளர்ச்சியாளர் கைக்குப் போகாதிருந்தமையால், பெரிய ஐ.எல்.-76 விமானங்களே ஓடுபாதையில் இறங்கின. முயற்சி மிக விரைவில் முறியடிக்கப்பட்டது.

2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படை உக்ரேனியத் தலைநகர் கீவுக்கு அருகிலுள்ள ஹொஸ்தொமெல் விமானத் தளத்தில் ஹெலிகொப்டர்களின் மூலம் இறங்கியது. ஹெலிகொப்டரில் வருவோர் தளத்தைப் பிடிக்க, பெரிய விமானங்களில் பெரும்படை தொடர்ந்து வருவது அதன் திட்டம். ஆனால் உக்ரேனியரின் எதிர்த்தாக்குதலும் பீரங்கிச் சூடும் காரணமாக அந்த விமானங்கள் வந்திறங்கவில்லை. மறுநாள் தரைவழிப் படை வந்து சேர்ந்தபோதிலும், தலைநகரை ஒரே வீச்சில் பிடிக்கும் வாய்ப்பு கைநழுவியிருந்தது. ஆயுதங்கள் மாறின, நூற்றாண்டும் மாறியது. இரண்டாம் பறப்பைப் பற்றிய வினா மாறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வான்தாக்குதல் காலாட்படை ஏனைய தரைப்படைகளினின்றும் வேறுபடுவது துப்பாக்கியாலோ சீருடையாலோ வீரத்தாலோ அன்று என்பது தெளிவாகும். வழமையான காலாட்படை தன் பின்னால் பாதையை இழுத்துச் செல்கின்றது. கவசப்படை அப்பாதையை மேலும் அகலமாக வேண்டி நிற்கின்றது. வான்குடைப் படை பாதையை முற்றாக அறுத்துக்கொண்டு குதித்து, மறுபுறத்திலிருந்து எவரேனும் வந்து சேர்வர் என்று காத்திருக்கின்றது. வான்தாக்குதல் படையோ பாதையை நிலத்திலிருந்து வானுக்கு மாற்றியதேயன்றி அதனை ஒழிக்கவில்லை. பாரமும் உயரமும் மூடுபனியும் பகைவனின் சூடும் அந்த வான்பாதையை எக்கணத்திலும் மூடிவிடக்கூடும். மூடிய கணத்தில் அவர்களும் வட்டபுலுவைக் கரையில் நின்ற டேவியின் வீரரைப் போன்றவரே.

இதற்கப்பால் இன்னுமொரு வேறுபாடு உண்டு. நம்மைப் போன்ற வரலாற்று மாணவர் அதிக கவனஞ் செலுத்த வேண்டியது இதனிலேயே. நடந்துவரும் படையின் வருகையை அதன் முன்னால் ஓடும் செய்தி அறிவிக்கும். தூசியும் ஓசையும் அறிவிக்கும். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு விலகிச் செல்ல மக்களுக்கு ஒரு நாளாவது கிடைக்கும். வானிலிருந்து இறங்கும் படை அந்த ஒரு நாளை அழித்துவிடுகின்றது. அதன் வெற்றியே முன்னறிவிப்பின்மையில் தங்கியுள்ளது. போர்முனை எனும் கோடு அப்பால் எங்கோ இருக்கின்றது என எண்ணி உறங்கச் சென்றவர்கள், நள்ளிரவில் தம் முற்றமே போர்முனையாகியிருப்பதைக் காண்கின்றனர்.

படைத்தளபதியின் வரைபடத்தில் இறங்குமிடம் ஒரு சிறு வட்டமாகக் குறிக்கப்படுகின்றது. அவ்வட்டத்தினுள் தெரிவது வெறுமையான மைதானம் மட்டுமே. அதன் ஓரத்தில் வாழ்வோர் எத்தனை பேர், அவர்கள் இறங்குவோரை வரவேற்பரா வெறுப்பரா, சூடு தொடங்கினால் எங்கே செல்வர் என்னும் வினாக்களுக்கு வட்டத்தில் விடையில்லை. மேக்னாவில் வெற்றியையும் யாழ்ப்பாணத்தில் துயரத்தையும் தீர்மானித்ததில் இவ்வினாக்களுக்குப் பெரும் பங்குண்டு. போரின் வரலாற்றை எழுதுவோர் வானூர்திகளையும் பறப்புகளையும் எண்ணுவதோடு நின்றுவிடாது, அவ்வட்டத்தின் ஓரத்தில் வாழ்ந்தோரையும் எண்ணத் தொடங்குதல் வேண்டும். அதுவரை அவ்வரலாறு பாதி எழுதப்பட்டதாகவே இருக்கும்.